துப்பாக்கி உறைக்குச் செய்கூலி எவ்வளவு?

செருப்பு தைப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. நாற்பத்தாறு வயது வரை இருந்தது. அதை விட்டது புத்தகம் படித்தோ சொற்பொழிவு கேட்டோ இல்லை. ஒரு ரிவால்வருக்கு வீட்டில் உட்கார்ந்து கையால் தோல் உறை தைக்கப் போய் விட்டது.

ரிவால்வர் என்றதும் பதற வேண்டாம், அது என்னுடையது இல்லை. கான்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருக்கிறார். லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். இதே ஊர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபாக்டரியில் செய்தது. அதன் பழைய உறை தையல் விட்டுப் போய்விட்டது. கடையில் வாங்கிய புதுசு தொளதொள என்று துணிப்பை மாதிரி தொங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் தைத்துத் தருகிறேன் சுபேதார் சாஹப்" என்று வாயை விட்டேன். லாக்டவுன் காலத்தில் பர்ஸ் ஒன்று தைத்துப் பார்த்த தைரியம்தான். அதைப் பார்த்தவர்கள் இன்று வரை அது பர்ஸ் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பர்ஸ் வேறு, துப்பாக்கி உறை வேறு. முக்கால் கிலோ பக்கம் இருக்கும் இரும்பு இடுப்பில் ஆடாமல் நிற்க வேண்டும். விசையில் விரலோ சட்டை நுனியோ படாதபடி தோல் அதை முழுக்க மூட வேண்டும். எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பச் செருகும்போது மடங்கும். குரோம் போட்டுப் பதனிட்ட மெத்துத் தோலில் இது நடக்காது, அது வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும், அதுவும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமாக.

பேச் பாகில் தோல் தேடி அலைந்தபோதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நான் திண்டுக்கல்காரன். பேகம்பூர் பக்கம் பஸ் போனால் தோல் ஷாப் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவன். அந்த ஷாப்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் கப்பலேறிப் போனது. இன்று புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கிறது. பி.காம் படித்த காலத்தில் ஏற்றுமதி வர்த்தகம் என்று ஒரு பேப்பர் எழுதினேன். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் ஏற்றுமதியை ஒரு நாள் கூட எட்டிப் பார்த்ததில்லை. மூக்கைப் பொத்துவது சுலபமாக இருந்தது.

சரி, உறைக்கு வருவோம். 2024 மார்ச்சில் பார்லிமென்ட் தேர்தல் அறிவித்ததும் சுபேதாரைத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். கொண்டு போவதற்கு முன்னால், குண்டுகளை எடுத்துவிட்டு, அட்டையில் வைத்து அவரே கோடு போட்டுக் கொடுத்தார். கனம் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். அதை வைத்து ஒரு தச்சர் ஷீஷம் மரத்தில் பொம்மைத் துப்பாக்கி கடைந்து தந்தார். அது நல்லதுக்குத்தான். அடுத்தவர் லைசென்ஸில் இருக்கும் ஆயுதத்தை என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டமும் விடாது, தங்கமணியும் விடமாட்டாள்.

தைக்கச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கிளை வாசலில் வேப்ப மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவர். எல்லோருக்கும் சாச்சா. ஒரு நூல், இரண்டு முனையிலும் ஊசி. தைக்க வேண்டிய நீளத்துக்கு நாலு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகு தடவி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசி போய் வர வேண்டும். மிஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே வரும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைக்கிற தையல். பட்டாளத்துக்குச் சேணமும் பூட்ஸும் தைத்தே பெரிதான ஊர் இது, கூப்பர் ஆலன் கம்பெனி இருந்த ஊர், ஆனால் இந்தத் தையலை எனக்குக் காட்டித்தர ஆள் இருந்தது நடைபாதையில்.

பதினாலு அங்குலத் தையல், அங்குலத்துக்கு ஆறு துளை. மொத்தம் எண்பத்து நாலு. கேட்க ஒன்றுமே இல்லை போல இருக்கும். குத்தூசி இம்மி சாய்ந்தால் பின்பக்கத்தில் துளை கோட்டை விட்டு ஓடிவிடும். முப்பதாவது துளையில் கட்டை விரல் வீங்கியது. முடித்தபோது முன்பக்கம் ராணுவ அணிவகுப்பு, பின்பக்கம் ரேஷன் கடை வரிசை.

அடுத்தது தோலை நனைத்து வடிவம் பிடிப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி அடங்கும் வரை முக்கி, எடுத்து, பழைய நிறம் மெல்லத் திரும்பும்போது மரத் துப்பாக்கியை உள்ளே செருகி விரலாலும் கரண்டிக் காம்பாலும் அழுத்த வேண்டும். நான் ஈரத் தோலின் மேல் இரும்பு சுத்தியலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் கருநீலக் கறை. பட்டைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயில் எழுது மை காய்ச்சினது இதே வித்தைதான். அது போதாதென்று சீக்கிரம் காயட்டும் என்று பால்கனியில் வைத்தேன். மே மாதம், லூ காற்று, நாற்பத்து நாலு டிகிரி. சாயங்காலம் உறை அப்பளம் மாதிரி சுருங்கி, வளைத்த இடத்தில் வெடித்திருந்தது. முதல் உறை குப்பைக்குப் போனது. இரண்டாவதை நிழலில் காயவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா. ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். தோலைக் கூடத்தில் விரித்த அன்றைக்கே, "ஏப்பா, பேங்க்ல ஆபீசரா இருக்கவன் செய்யுற வேலையா இது? அதையும் நடு வீட்டுல வெச்சு" என்றார். சத்தம் போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதே அம்மா, பேரன் மரத்தில் வண்டி செய்தபோது நாலு வீட்டுக்குப் போனில் சொன்னவர். மரத்துக்கு ஒரு முகம், தோலுக்கு ஒரு முகம். என்ன காரணம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் வீடுகளில் அதைச் "சுத்தம்" என்று வேறு பெயரில் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ரயிலேறி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தோம், அதையும் ட்ரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுதானே வந்தோம்?

காமர்ஸ்காரன் இல்லையா, கணக்குப் போட்டேன். இரண்டாவது உறைக்கு மட்டும் தோல் எழுநூறு, நூலும் மெழுகும் நூற்று இருபது. நேரம் பத்தொன்பது மணி. சாச்சா நல்ல நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்நூறு ரூபாய் பார்ப்பார். அந்த விகிதத்தில் போட்டாலே என் கூலி ஆயிரத்து நூற்றுச் சொச்சம். அவர் தைத்தால் எவ்வளவு கேட்பார் என்றேன். நாலு மணி நேர வேலை, முந்நூறு என்றார். சுபேதார் அதை இருநூறுக்குக் குறைத்திருப்பார். அவரைச் சொல்வானேன், நானே குறைத்திருப்பேன்.

இங்கேதான் எனக்கு எரிகிறது. நகைக் கடையில் சேதாரம் என்று பன்னிரண்டு சதவீதம் போடுகிறான், மேலே செய்கூலி போடுகிறான், தலையை ஆட்டிவிட்டுக் கார்டைத் தேய்க்கிறோம். தோல் வெட்டினால் விழும் துண்டுக்குச் சேதாரம் என்று சாச்சா கேட்டால் சிரிப்போமா மாட்டோமா? பத்தொன்பது மணி நேர வேலையை ஒருவர் நாலு மணி நேரத்தில் முடிக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் நாற்பது வருஷம் உட்கார்ந்த உட்காரல் இருக்கிறது. அந்த நாற்பது வருஷத்துக்கு என்று பில்லில் ஒரு வரியும் இல்லை. தங்கம் விலை உயர்ந்த பொருள் என்பார்கள். சரி, தச்சருக்கு? தச்சரிடம் "ஆசாரி, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்கிறோம். தோல்காரரிடம் நம் பேச்சில் "ங்க" இருக்கிறதா என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. 2023 செப்டம்பரில் பி.எம். விஸ்வகர்மா திட்டம் வந்தது. தச்சர், பொற்கொல்லர், செருப்புத் தைப்பவர் என்று பதினெட்டு தொழில். ஐந்து சதவீத வட்டியில், ஜாமீன் சொத்து இல்லாமல், முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன். அரசாங்கம் எல்லாத் தொழிலையும் ஒரே வரிசையில்தான் எழுதியிருந்தது. சாச்சாவின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தபோது "வருமானம் குறைவு, ஐம்பதாயிரம் போதும்" என்று குறிப்பு எழுதியது நான். அதே வாரம் ஒரு பொற்கொல்லருக்கு முழு லட்சம் எழுதியதும் நானேதான். விதி எதையும் மீறவில்லை. கேட்டால் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்லியிருப்பேன்.

உறை முடிந்த வாரம் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, தையல் மிஷின், தோல் இருப்பு, நிழற்கூரை எல்லாம் கணக்குப் போட்டு முழுத் தொகைக்கு எழுதினேன். மேலிடத்தில் இரண்டு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், பணம் வந்தது. இதைத் தர்மம் மாதிரி இங்கே சொல்லவில்லை. முதலிலேயே அவருக்குச் சேர வேண்டியது, நான்தான் மூன்று மாதம் தாமதம் செய்தேன். சாச்சாவிடம் பழைய குறிப்பைப் பற்றிச் சொல்லவும் செய்தேன். "தெரியும் சாஹப், உங்கள் பியூன் சொன்னான்" என்றார். தெரிந்துகொண்டேதான் எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

தேர்தல் முடிந்து ஜூனில் துப்பாக்கி திரும்பி வந்தது. சுபேதார் உறையில் செருகி, கவிழ்த்து, குலுக்கிப் பார்த்தார். விழவில்லை. எவ்வளவு தர வேண்டும் என்றார். எனக்கு வேண்டாம், சொல்லிக் கொடுத்தவருக்கு ஐந்நூறு கொடுங்கள் என்றேன். ஐந்நூறா என்று புருவத்தைத் தூக்கினார், அப்புறம் கொடுத்தார்.

சாச்சா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறுபது தையல் சரி, மீதியை நான் பிரித்துப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது பையனின் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு ஒரு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. தோல் பெட்டியை மட்டும் இன்னும் பால்கனியை விட்டு உள்ளே கொண்டு வர விடவில்லை.