பிக்கப் வண்டியோட மூளையும் அதுக்குப் போட்ட பூட்டும்

தலைப்பைப் பார்த்துட்டு 'இது மெக்கானிக்கல் பசங்க சமாச்சாரம்'னு ஓடிடாதீங்க மக்களே. 2020-க்கு அப்புறம் வாங்கின வண்டி எது வீட்டுல நின்னாலும் இந்தத் தலைவலி ஒரு நாள் உங்க வாசலுக்கும் வரும்.

எங்க சித்தப்பா ஒரு பிக்கப் வச்சிருக்கார். நாமக்கல் சுத்துவட்டாரப் பண்ணைகள்ல முட்டை ஏத்தி சேலம், தர்மபுரி கடைகளுக்குப் போடுறதுதான் தொழில். மாசம் பொறந்தா வண்டிக்கு டியூ கட்டணும். வண்டி ஒரு நாள் நின்னா அன்னிக்கு வாடகை போகும். நாலு நாள் நின்னா பண்ணைக்காரர் வேற வண்டியைக் கூப்பிட்டுப் பழகிடுவார், அப்புறம் அந்த லைனே போயிடும்.

போன சித்திரையில வண்டிக்கு ஒரு வினோதமான வியாதி வந்துச்சு. காலையில ஒரு குறையும் இல்லை. மத்தியானம் வெயில் ஏறினதும் செக் லைட் எரியும், ஆக்சிலேட்டரை மிதிச்சாலும் இழுக்காது, கொஞ்ச தூரத்துல ஆஃப். ஒரு மணி நேரம் நிழல்ல நிறுத்தினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒரு நாள் முழு லோடோட தொப்பூர் கணவாய் ஏத்தத்துல நின்னுடுச்சு. இன்ஜின் ஆஃப் ஆனா ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு வர்ற உதவியும் ரெண்டு மூணு மிதியில தீர்ந்துடும். பின்னாடி வரிசையா லாரி. சித்தப்பா அன்னிக்கு ராத்திரி சரியாச் சாப்பிடலை.

கம்பெனி சர்வீஸ்ல ஸ்கேனர் மாட்டிப் பார்த்துட்டு ஒரே வரியில சொல்லிட்டாங்க: "ஈ.சி.எம். போச்சு சார். புதுசு 38 ஆயிரம். ஆர்டர் போட்டா 9 நாள் ஆகும்." (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அது இங்க முக்கியமில்லை.)

ஈ.சி.எம்.னா என்ன? இன்ஜினோட கம்ப்யூட்டர். டீசல் வண்டியில கிராங்க் எந்த இடத்துல சுத்துது, காமன் ரெயில்ல அழுத்தம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு சூடு, மிதி எவ்வளவு அமுங்கியிருக்குன்னு சென்சார்கள் சொல்லச் சொல்ல, எந்த இன்ஜெக்டர் எப்போ எத்தனை நேரம் திறக்கணும்னு கணக்குப் போட்டு உத்தரவு குடுக்குற பெட்டி. அந்தக் காலத்துப் பம்பு வண்டியில இந்த வேலையெல்லாம் பம்புக்குள்ள இருந்த இரும்பும் ஸ்பிரிங்குமே பார்த்துச்சு. மெக்கானிக் காதால கேட்டு, ஸ்பேனரால திருகிச் சரி பண்ணிடுவார். 2017 ஏப்ரல்ல பி.எஸ். 4 நாடு முழுக்க வந்துச்சு, 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்துச்சு. பம்பு காலம் முடிஞ்சுது. புகை குறைஞ்சது நல்ல விஷயம், அதுல எனக்குச் சண்டை இல்லை.

38 ஆயிரத்துக்குப் பயந்து சித்தப்பா வண்டியைப் பரமத்தி ரோட்டுல ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். அங்க இருந்த வயசான மெக்கானிக் சொன்னது எனக்கு இன்னும் மறக்கலை: "ஏனுங்க, அவசரப்படாதீங்க. போர்டு கடைசி ஆளுங்க. அதுக்கு முன்னாடி விசாரிக்க வேண்டிய ஆளுக நாலு பேர் இருக்காங்க."

அந்த நாலு பேரையும் வரிசையா விசாரிச்சார். ஒண்ணு, பேட்டரி கரண்ட் போர்டு வரைக்கும் குறையாம வருதா, ஃப்யூஸ், ரிலே ஒழுங்கா இருக்கா. ரெண்டு, எர்த் ஒயர். இன்ஜின் ஓடும்போது போர்டு எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வச்சா 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாதாம். மூணு, கப்ளர்ல பச்சை பூத்திருக்கா, பின் தளர்ந்திருக்கா. நாலு, சென்சார்களுக்குப் போர்டு குடுக்குற 5 வோல்ட். ஒரே ஒரு சென்சார் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் மொத்தமா விழுந்து, போர்டே செத்த மாதிரி தெரியுமாம். ஒவ்வொரு சென்சாரா கழட்டிப் பார்த்தார். எல்லாம் சரி.

கடைசியா எங்க வீட்டுல இருந்து தங்கச்சியோட ஹேர் டிரையரைக் கொண்டு வரச் சொன்னார்! போர்டு மேல மட்டும் சூடு காட்டினார். அஞ்சு நிமிஷத்துல இன்ஜின் நின்னுது. ஆற விட்டார், ஸ்டார்ட் ஆச்சு. மறுபடி சூடு, மறுபடி நின்னுது. உள்ள ஏதோ ஒரு சால்டர் விரிசல் விட்டிருக்கு, சூட்டுல விரியும்போது தொடர்பு விட்டுப் போகுது. ஆக சர்வீஸ்ல சொன்னது சரிதான், போர்டுதான் குத்தவாளி. ஆனா அதை நிரூபிச்சுக் காட்டினது இவர்.

இப்பத்தான் உண்மையான கதை ஆரம்பிக்குது. சேலத்துல ஒரு காயலான் கடையில அதே மாடல், அதே பார்ட் நம்பர் போர்டு 7 ஆயிரத்துக்குக் கிடைச்சுது. மாட்டினோம். ஸ்டார்ட் ஆகலை. ஏன்னா அந்தப் போர்டு வேற ஒரு வண்டியோட சாவியைத்தான் ஞாபகம் வச்சிருக்கு. இம்மொபிலைசர், வண்டியோட சேஸிஸ் நம்பர், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியா இருக்குற திருத்தக் குறியீடு, எல்லாம் போர்டுக்குள்ள எழுதியிருக்கும். அதைப் புது வண்டிக்கு மாத்தி எழுதுற சாஃப்ட்வேர் கம்பெனிகிட்டதான் இருக்கு. கம்பெனி சர்வீஸ்ல கேட்டா, "பழைய போர்டுக்கு எழுதித் தர மாட்டோம்"னுட்டாங்க.

சேலத்துலயே போர்டு ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன் எங்க பழைய போர்டுல இருந்த தகவலை அப்படியே படிச்சு, வாங்கின போர்டுல எழுதிக் குடுத்தார். 4 ஆயிரம். மொத்தம் 11 ஆயிரம், ரெண்டு நாள். வண்டி இன்னிக்கு வரைக்கும் ஓடுது. அவர் வச்சிருந்த கருவி எங்கேயோ இருந்து வந்த டூப்ளிகேட். ஒரிஜினல் வாங்க அவர் தயார், விக்கத்தான் ஆள் இல்லை. "நான் திருட்டு வேலை பண்ணலை தம்பி. ஆனா திருடன் மாதிரி ஒளிஞ்சு பண்ண வேண்டியிருக்கு"ன்னார்.

என் கருத்து இதுதான்: காசு குடுத்து வாங்கின வண்டியோட போர்டை மாத்தி எழுதுற வசதி, நியாயமான விலைக்கு, பதிவு பண்ணின எந்தப் பட்டறைக்கும் கிடைக்கணும்.

இதுக்கு எதிரா ரெண்டு நல்ல வாதம் இருக்கு. முதல் வாதம் திருட்டு. யார் வேணா சாவியை மாத்தி எழுதலாம்னா வண்டி பத்திரமா இருக்குமா? நியாயமான கேள்வி. அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. நாஸ்டஃப்ங்கிற அமைப்புல பின்னணி சோதிச்சுப் பதிவு பண்ணின பூட்டுக்காரர்களும் மெக்கானிக்குகளும் மட்டும் சாவித் தகவலை வாங்கலாம். யார், எந்த வண்டிக்கு வாங்கினாங்கன்னு பதிவாகும். ஐரோப்பாவுலயும் செர்மின்னு இதே மாதிரி ஏற்பாடு இருக்கு. இங்க ஆர்.சி.யையும் ஓனர் அடையாளத்தையும் காட்டினாத்தான் எழுதலாம்னு வச்சா போதுமே.

ரெண்டாவது வாதம் புகை. திறந்து விட்டா மைலேஜுக்காகப் புகைக் கட்டுப்பாட்டையே அணைச்சுடுவாங்கன்னு சொல்றாங்க. சில பேர் இப்பவே பண்றாங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா கம்பெனியோட ஒரிஜினல் புரோகிராமை அப்படியே ஏத்தி, சேஸிஸ் நம்பரையும் சாவியையும் மட்டும் சேர்க்குறது வேற, புரோகிராமையே திருத்துறது வேற. முதல் வேலைக்கு அனுமதி குடுங்க, ரெண்டாவதை எஃப்.சி.யில பிடிங்க.

நம்ம நாட்டுலயே இது புதுப் பேச்சு இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்குற கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க விடலைங்கிறதுதான் குத்தச்சாட்டு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு, அதுல வாகனத் துறையும் ஒண்ணு. நல்ல ஆரம்பம். ஆனா இணையதளம் சட்டம் ஆகாது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாகாணத்துல 2012-ல ஜனங்களே ஓட்டுப் போட்டு இதைச் சட்டமாக்கினாங்க.

நம்ம ஊருக்கு இதுல என்ன நஷ்டம்னு கேட்டா, நாமக்கல்ல கட்டின லாரி பாடி இந்தியா முழுக்க ஓடுது, திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. இந்தப் பேர் வந்தது எதையும் கழட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டதால. அடுத்த தலைமுறைப் பையனுக்குக் கழட்டவே அனுமதி இல்லைன்னா அவன் பட்டறைக்கு எதுக்கு வரணும்?

அதே சமயம் நாமளே போர்டைக் கொல்றதும் நடக்குது. பாடியில வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் போர்டு கப்ளரையும் கழட்டாம வைக்கிறாங்க. பேட்டரி இறங்கினா பக்கத்துல நிக்கிற லாரியில இருந்து ஒயர் போடுறாங்க. லாரி 24 வோல்ட், பிக்கப் 12 வோல்ட்! வாட்டர் சர்வீஸ்ல போர்டு மேலயே தண்ணியைப் பீச்சுறாங்க. இதுக்கெல்லாம் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

சட்டம் வர்றப்போ வரட்டும். அதுவரைக்கும் உங்க வீட்டு வண்டியைப் பார்த்து யாராச்சும் "போர்டு போச்சு"ன்னு சொன்னா, காசை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எர்த் பார்த்தீங்களா?"