கைப்பேசி யார் கையில்?

1980-களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகத் தொடங்கியபோது இளைஞர்களாகத் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனிகளில் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். ஓவர்லாக் இயந்திரத்தின் முன் முதுகு வளைந்தவர்களும், சாயப்பட்டறை ஈரத்தில் நின்று மூட்டு தேய்ந்தவர்களும் அவர்களில் உண்டு. தமிழக மக்கள்தொகையில் முதியோரின் பங்கு 2021-இல் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடாகும் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை.

அவர்களுக்கெனவே வந்தவைபோலச் சில மின்னணு ஏற்பாடுகள் அடுத்தடுத்து அறிமுகமாயின. 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி புறநோயாளிச் சேவை வந்தது. 2021 செப்டம்பர் 27-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கி, 14 இலக்க 'ஆபா' எண்ணைக் கொணர்ந்தது. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்தோருக்கு, வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான காப்பீட்டு அட்டை அறிமுகமானது. வீட்டிலிருந்தபடியே இவற்றை அணுக முயலும் முதியவரிடம் முதலில் கேட்கப்படுவது அவருடைய நோய் பற்றிய விவரமன்று. கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்.

அந்தக் கைப்பேசி பல வீடுகளில் முதியவரிடம் இல்லை. ஆதாருடன் இணைத்த எண் மகனுடையது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து அவர் திரும்பும்வரை அது கம்பெனியில் இருக்கிறது. சில நிமிடங்களில் காலாவதியாகும் எண் இரவு வரை காத்திருப்பதில்லை. விரல் ரேகை வைக்கலாம் என்றால், முதுமையில் ரேகை மங்கும். இரசாயன நீரில் ஆண்டுக்கணக்கில் நனைந்த கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதியோருக்குத் தொழில்நுட்பம் பிடிபடாது என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. பெல்ட்டில் ஓடிய பவர் டேபிளிலிருந்து கணினி பொருத்திய தையல் இயந்திரத்துக்கு மாறிய தலைமுறையைப் பற்றி அப்படிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. மகனின் கைப்பேசிக்கு வரும் பரிசோதனை முடிவை முதலில் படிப்பவர் மகன். கருப்பை இறக்கத்தையோ, சிறுநீர் அடக்க இயலாமையையோ பேரன் எதிரில் அமர்ந்து காணொலியில் ஒரு மூதாட்டி எப்படிச் சொல்வார்? முழங்கால் வலி என்று சொல்லி முடித்துக்கொள்வார். மருத்துவர் அதற்கே மருந்து எழுதுவார். மருந்துச் செலவு குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, இருக்கும் வலியைக் குறைத்துச் சொல்லும் முதியவரும் உண்டு. நோயாளியின் ஒப்புதலை ஓ.டி.பி. உறுதி செய்கிறது என்கிறார்கள்; அது உறுதி செய்வது கைப்பேசி வைத்திருப்பவரின் ஒப்புதலைத்தான்.

இந்தச் சிக்கலுக்கு ஓரளவு விடை தமிழகத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வருகிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார். சர்க்கரை நோய்க்கான மாத்திரை தருகிறார். விவரங்களையும் அவரே பதிவு செய்கிறார். முதியவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. நாடு முழுவதும் இ-சஞ்சீவனி ஆலோசனைகளில் பெரும்பகுதி நலவாழ்வு மையப் பணியாளர் உடனிருந்து நடத்துபவையே. ஆயினும் இந்தப் பெண்களின் உழைப்பு ஊக்கத்தொகைக் கணக்கில்தான் இன்னும் நிற்கிறது. செயலிக்கு ஒதுக்கும் பணத்தை முதலீடு என்றும், அதை இயக்கும் மனிதருக்குத் தருவதைச் செலவு என்றும் எழுதும் பழக்கத்தைப் பொருளியல் படித்தவர்களாகிய நாங்களும் வளர்த்திருக்கிறோம்.

திருப்பூருக்கென்று மின்னணுப் பதிவு செய்யக்கூடிய உண்மையான உதவி வேறிடத்தில் இருக்கிறது. குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வேலையிலிருந்து விலகியவர், ஆண்டுக்கு ரூ.120 செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி பெறலாம். இங்கோ தொழிலாளர் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறுவர். காப்பீட்டு எண் ஒன்றே தொடர வேண்டும் என்பது விதியாயினும், மாறும் இடத்தில் புதிய எண் வாங்கப்படுவதும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் கூடங்களில் கழிந்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறாது. சிதறிய எண்களை ஆதார் வழியே ஒன்று சேர்த்து, ஐந்தாண்டு நிறைந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் ஒரு மேசையும் ஓர் ஆளும் போதும். தொழிலாளர் விடுப்பில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த மேசை திறந்திருக்க வேண்டும். அன்றுதான் தந்தையை அழைத்துவர மகனுக்கு நேரம் கிடைக்கும்.