பல்லு வீங்கினா மெடிக்கல் கடையா?

பல்வலி என்றால் எங்கள் ஊரில் முதலில் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் கடை. 'பல்லு வலிக்குதுங்க' என்றால் போதும், அமாக்சிலின் கேப்சூல் நாலு, கூடவே வலி மாத்திரை, கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கேட்டு வாங்குவது நாம்தானே!

நானும் அப்படி மூன்று தடவை வாங்கி விழுங்கினேன். வலி விட்டதும் மீதியை அலமாரியில் போட்டேன். கரும்பு வெட்டு நேரம், ஆட்களுக்குச் சோறாக்கணும், பல்லுக்காக யார் பஸ் ஏறுவது?

நாலாவது தடவை வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. மாமியார் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துத் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். (மறுவாரமே திருப்பி வாங்கிக்கொண்டார், அது வேறு கதை!) நல்லவேளை, என் வீட்டுக்காரர் அன்றிரவே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கீறி சீழ் எடுத்து, ஊசி போட்டு, சொத்தைப் பல்லையும் பிடுங்கினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் வீக்கம் மூச்சுக் குழாயை அடைத்திருக்குமாம்.

"சீழ் கட்டின இடத்துக்கு மருந்து சரியா போய்ச் சேராதும்மா. பல்லை வைத்தியம் பண்ணாம மாத்திரை மட்டும் போட்டா திரும்பத் திரும்ப வரும்" என்றார் டாக்டரம்மா. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். வெறும் பல்வலிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமே 2019-ல் இப்படித்தான் வழிகாட்டியிருக்கிறது. நாமோ, டாக்டர் மாத்திரை எழுதாவிட்டால் 'என்ன டாக்டர் இவர்' என்கிறோம்!

பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே ஒரு குடும்பக் கதை சொன்னார். கணவர் தொண்டை வலிக்குத் தானே மருந்து வாங்கி, அரைகுறையாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்ற, அதே மருந்து பலிக்காமல் அவள் இறந்துபோகிறாள். கற்பனைக் கதைதான். ஆனால் மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தவள் நான். படித்ததும் பகீர் என்றது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீடு தேடி வந்தார்களே, அப்படியே வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்க்க ஏற்பாடு செய்யக் கூடாதா? கரும்பு வெட்டு நேரத்திலும் அதற்கு நாங்கள் வாசலுக்கு வருவோம்.

- ஒரு வாசகி, மூங்கில்துறைப்பட்டு