தயிரை முதலில் வைப்போமா?



பத்து காஜாவில் காலை நேரத்தில் எந்தக் கோப்பிக் கடைக்குப் போனாலும் நம்மவர்கள் மேசையில் தே தாரேக்கும் ரொட்டி சானாயும் இருக்கும். 'பால் சேர்த்துத்தானே குடிக்கிறோம், உடம்புக்கு நல்லதுதானே' என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பால் டின்னைக் கையில் எடுத்து, பின்பக்கம் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படியுங்கள். பல டின்களில் 'சூசு' (பால்) என்ற சொல்லே இருக்காது, 'கிரிமர் மானிஸ்' என்றுதான் போட்டிருக்கும். உள்ளே இருப்பது சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால்மாவு. எடையில் ஏறக்குறையப் பாதி சீனி. 20 கிராம் ஊற்றினால் 10 கிராம் சீனி உள்ளே போகிறது. கடையில் அத்தோடு விடுவதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

இதை இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர்! அடுத்த வரிசையில் நிற்பவர்கள் வேறு. வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு லிட்டருக்கு 6.1-க்கும் 6.9 மில்லிமோலுக்கும் நடுவே வந்து, 'இன்னும் வரவில்லை' என்று நிம்மதியாக வீடு திரும்பியவர்கள். இன்று என் பேச்சு முக்கியமாக அவர்களோடுதான்.

டின்னை விட்டு உண்மையான பாலுக்கு வருவோம். அதில் உள்ள புரதம் இரண்டு வகை. தயிராகக் கட்டியாவது கேசீன், ஐந்தில் நான்கு பங்கு அதுதான். மீதி, சீஸ் எடுத்தபின் தெளிந்து நிற்கும் நீரில் கலந்திருக்கும் மோர்ப்புரதம், கடையில் 'வே' என்று டின்னில் விற்பது. வே சீக்கிரம் செரித்துவிடும். அதன் அமினோ அமிலங்கள் இரத்தத்தில் சேரும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. குடலும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை விடுகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை ஒரே மூச்சில் ஏறாது.

2014-இல் இஸ்ரேலில் இனிப்புநீர் உள்ள 15 பேருக்கு, சர்க்கரையைச் சட்டென ஏற்றும் காலை உணவுக்கு முன் 50 கிராம் வே கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 28 விழுக்காடு குறைந்தது. 2022-இல் இங்கிலாந்தின் நியூகாசலில் அளவை 15 கிராமாகக் குறைத்து, உணவுக்குப் பத்து நிமிடம் முன் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 18 பேருக்குச் சர்க்கரை சரியான அளவில் இருந்த நேரம் நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கூடியது. சிறிய ஆய்வுகள்தான், அதுவும் நோய் ஏற்கெனவே வந்தவர்களிடம் செய்தவை.

உடனே மோர் குடித்தால் போதும் என்று கிளம்பிவிட வேண்டாம். 100 மில்லி பாலில் வே ஒரு கிராம்கூடத் தேறாது. 15 கிராம் வேண்டுமென்றால் இரண்டு லிட்டருக்கு மேல் பால் வேண்டும். நீர்மோரில் இன்னும் குறைவு. ஆகவே தயிர் மருந்தாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரத மாவு டின் பக்கம் போகவே கூடாது.

ஆனாலும் தயிரை விட்டுவிட எனக்கு மனமில்லை. மலேசியா உட்பட 21 நாடுகளில் 1,47,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. நாளுக்கு இரண்டு பங்காவது பால், தயிர் போன்ற பால் உணவுகளை எடுத்தவர்களுக்கு இனிப்புநீர் வருவது குறைவாக இருந்தது. பால்தான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது, எனினும் தயிருக்குப் பயப்படத் தேவையில்லை என்று நம்பலாம். இதைவிட உறுதியான சான்று தயிருக்கு அல்ல, பழக்கத்தை மாற்றுவதற்குத்தான் இருக்கிறது, அது சென்னையிலிருந்து வந்தது: மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லையில் நின்றவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதாலேயே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

தயிர் நமக்குப் புதிதல்ல. நம் தோட்டத்து லயங்களின் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கறந்த பால் விற்பனைக்குப் போனது போக, வீட்டுக்கு மிஞ்சியது தயிரானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் தாமானானது, மாடுகளும் போயின. பாலின் இடத்துக்கு டின் வந்தது.

முதலில் அந்த டின்னை நிறுத்துங்கள். கடையில் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' கேளுங்கள். வீட்டில் சீனி போடாத தயிரை, சோற்றுக்குக் கடைசியில் ஊற்றிப் பிசையாமல், வெள்ளரியும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு முதலில் சாப்பிடுங்கள், பிறகு காய், பிறகு அளவாகச் சோறு. சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஒருநாள் பழைய முறையிலும் ஒருநாள் இந்த முறையிலும் பாருங்கள். சோறும் குழம்பும் இரண்டு நாளும் ஒரே அளவில் இருக்கட்டும். அந்த இரண்டு எண்களையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், பெயர் போடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்