நாயைத் துரத்தினால் தெள்ளு போகுமா?



மழைக்காலம் வந்துவிட்டால் செல்லப்பிராணி வளர்க்கும் சில வீடுகளில் புதிதாக ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். சோபாவில் உட்காருகிறவர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வார். பிள்ளை கணுக்காலைச் சொறிந்தபடியே ஹோம்வொர்க் எழுதும். வீட்டுப் பெரியவர் ஒருவர், "எல்லாம் இந்த நாயால வந்த வினை" என்று ஆரம்பிப்பார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

தெள்ளுப்பூச்சியைத்தான் சொல்கிறேன்.

கரப்பான், எலி, கொசு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பக்கத்து வீட்டில் வாய்விட்டுப் புலம்புகிறோம். தெள்ளு என்றால் மட்டும் மூச்சு விடுவதில்லை. நம் வீடு சுத்தமில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். இந்தக் கூச்சம் தேவையே இல்லை. இரண்டு வேளையும் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் வீட்டுக்கும் தெள்ளு வரும். மாலை வாக்கிங்கில் தெருநாய் படுத்து எழுந்த மண்ணை உங்கள் நாய் மோந்து பார்த்தால் போதும். காம்பவுண்டு சுவர் ஏறி வந்து போகும் பூனை போதும். மாடிப்படிக்கு அடியில் வளை தோண்டிய பெருச்சாளியும் கொண்டுவரலாம்.

முதலில், கடிப்பது தெள்ளுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இதையும் உண்ணியையும் ஒன்றாக நினைத்து மருந்து வாங்குகிறார்கள். உண்ணி காதுமடலிலோ விரல் இடுக்கிலோ கவ்விக்கொண்டு அசையாமல் கிடக்கும். இரத்தம் குடிக்கக் குடிக்க உப்பும். தெள்ளு 2, 3 மில்லிமீட்டர்தான். பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு. ரோமத்துக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடும். பிடிக்கப் போனால் குதித்துவிடும்.

பூச்சியே கண்ணில் படவில்லையா? ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயை அதன் மேல் நிற்கவைத்து, வால் தொடங்கும் இடத்தில் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் அளவில் கறுப்புப் பொடி உதிரும். வெறும் மண் என்றால் அப்படியே இருக்கும். தெள்ளின் கழிவு என்றால் ஒரு நிமிடத்தில் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் படரும். அது உங்கள் நாயின் இரத்தம்தான். பூச்சி குடித்துக் கழித்தது.

சரி, தெள்ளுதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்கிறோம்? நாயைக் குளிப்பாட்டுகிறோம். பவுடர் போடுகிறோம். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் மறுபடி கடி. உடனே, "மருந்து சரியில்லை", "நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது.

ஏன் திரும்பி வருகிறது? பூச்சி ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளில், நாய் மேல் ஓடும் வளர்ந்த பூச்சி 100-க்கு 5 தான். மீதி 95-ம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கிறது.

ஒரு பெண் பூச்சி நாள் ஒன்றுக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை வழவழப்பானது, ரோமத்தில் ஒட்டாது. நாய் எழுந்து உடம்பை உதறியதும் கொட்டிவிடும். எங்கே கொட்டும்? அது எங்கே படுக்கிறதோ, அங்கே. சில நாளில் முட்டையிலிருந்து புழு வரும். அதற்கு வெளிச்சம் ஆகாது. கட்டிலுக்கு அடியிலும், டைல்ஸ் இடுக்கிலும், சோபா மடிப்பிலும், நாய்க்காக விரித்த சாக்கின் இழைகளிலும் புகுந்துகொள்ளும். மேலேயிருந்து உதிரும் அந்தக் காய்ந்த இரத்தப் பொடிதான் அதன் உணவு.

பிறகு புழு கூடு கட்டும். கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. நாம் அடிக்கும் ஸ்பிரே அதற்குள் போவது கடினம். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் ஊர்ப் பருவத்தில், முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம் போதும். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் கால் முழுக்கக் கடி வாங்குகிறார்களே, அது இதனால்தான். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டதும் கூட்டிலிருந்து கூட்டமாக வெளியே வருகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வளர்ந்த தெள்ளு ஒருமுறை நாய் மேல் ஏறிவிட்டால் பெரும்பாலும் அதை விட்டு இறங்குவதில்லை. அப்படியானால் நம் கணுக்காலைக் கடிப்பது எது? தரையில் அப்போதுதான் கூட்டை விட்டு வந்த பசித்த பூச்சி. நாயை வெளியேற்றிவிட்டால் அதற்குக் கிடைப்பது நாம் மட்டும்தான். கடி குறையாது, கொஞ்ச காலத்துக்குக் கூடத்தான் செய்யும்.

மாறாக, நல்ல மருந்து போட்ட நாய் வீட்டுக்குள் வழக்கம்போல நடமாடினால் என்ன ஆகும்? புதிதாக வரும் பூச்சி ஒவ்வொன்றும் அதன் மேல் ஏறும், முட்டையிடுமுன் சாகும். நாம் துரத்த நினைக்கிற அந்த நாய்தான் வீட்டைச் சுத்தம் செய்து கொடுக்கப் போகிறது.

அதனால் வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். சொறிகிற நாய்க்கு மட்டும் போட்டு, சும்மா இருக்கும் பூனையை விட்டுவிட்டால் பயனில்லை. கழுத்துக்குப் பின்னால் ரோமத்தை விலக்கித் தோலில் விடும் ஸ்பாட்-ஆன் சொட்டு மருந்து உண்டு. ஒரு மாதம் தாங்கும் மாத்திரையும், மூன்று மாதம் தாங்கும் மாத்திரையும் கிடைக்கின்றன. எது, எவ்வளவு என்பது எடையையும் வயதையும் பொறுத்தது. வலிப்பு வந்த நாய்க்குச் சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காமல் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மாதாமாதம் வாங்கி வீணாக்கும் பவுடர், ஷாம்பூ, ஸ்பிரே கணக்கைக் கூட்டிப் பார்த்தீர்களா?

கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. சென்னைவாசிகளுக்கு வேப்பேரி தெரியும். 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது வீடு. நாயின் விரிப்பு, அது படுக்கும் தலையணை உறை, மிதியடி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் குறைந்த வெந்நீரில் துவைத்து, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போடுங்கள். தெள்ளுப் புழு வறட்சியைத் தாங்காது. மெத்தையை வெயிலில் காயப்போடும் நம் பாட்டிமார் பழக்கம் இங்கே அப்படியே பலிக்கும். பழைய சாக்கை மட்டும் துவைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாக்குவம் கிளீனர் இருந்தால் கட்டிலடி, சோபா இடுக்கு, சுவரோரம் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் இழுங்கள். அதன் அதிர்வில் கூட்டிலிருக்கும் பூச்சியும் வெளியே வரும், மருந்துக்கு மாட்டும். சேர்ந்த தூசியை உடனே பையில் கட்டி வெளியே போட்டுவிட வேண்டும். வாக்குவம் இல்லையா? துடைப்பமும் ஈரத் துணியும் போதும், ஆனால் கட்டிலை நகர்த்த வேண்டும். நடுக்கூடத்தை மட்டும் பத்து முறை துடைத்து என்ன லாபம்?

பெஸ்ட் கன்ட்ரோல்காரர்களைக் கூப்பிடுவதானால் வீட்டில் நாய், பூனை, மீன் தொட்டி இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்து சேர்த்து அடிப்பார்களா என்று கேளுங்கள். தரை நன்றாகக் காயும் வரை குழந்தைகளும் பிராணிகளும் உள்ளே வரக் கூடாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டிய ஒன்று. நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போய்விடும். 'மிச்சம் இருந்ததே, வீணாகாமல் பூனைக்கு விட்டேன்' என்ற சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

அதேபோல மண்ணெண்ணெய் தேய்ப்பது, அந்துருண்டை போடுவது, எறும்புப் பொடியைத் தூவுவது, பூச்சி ஓடும் என்று பூண்டு கொடுப்பது எல்லாம் பூச்சியைவிடப் பிராணியைத்தான் முதலில் வதைக்கும். பூனை இருக்கும் வீட்டில் பினாயிலும் ஆபத்து. அது ஈரத் தரையில் நடந்து பிறகு பாதத்தை நக்குமே! வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதில் தவறில்லை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடுவதில்தான் சிக்கல். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள். சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் பூச்சிகளை உதறுவதே அவற்றுக்குப் பத்திரமான வழி. குட்டிகள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. கூட்டமாக மொய்த்த தெள்ளு இரத்தம் குடித்தே குட்டியைச் சோகை பிடிக்க வைத்துவிடும்.

"பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" என்பது அம்மாக்களின் கவலை. பேனைப் போல இது மனிதர் தலையில் குடியேறாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கேலமைன் லோஷன் தடவுங்கள். பிள்ளையின் நகத்தை வெட்டிவிடுங்கள். சொறிந்து புண்ணாவதுதான் பெரும்பாலும் நடப்பது. நாடாப்புழு ஒன்றும் இந்தப் பூச்சி வழியாக வரும். பூச்சியைத் தெரியாமல் விழுங்கினால் நாய், பூனைக்கு மட்டுமல்ல, தரையில் தவழும் குழந்தைக்கும் வரலாம். நாயின் ஆசனவாய் அருகே அரிசிமணி அளவில் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். கடிபட்ட வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விடாமல் அடித்தால், டாக்டரிடம் பூச்சிக்கடி விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெள்ளு என்றதும் பெரியவர்களுக்குப் பிளேக் ஞாபகம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. 1896-ல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் நாட்டையே உலுக்கியது. கோவைப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதே அந்த நோயின் நினைவாகத்தான். 1898-ல் கராச்சியில் ஆராய்ந்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் எலித்தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று கண்டார். ஆனால் அந்த எலித்தெள்ளு வேறு இனம். நம் நாய், பூனை மேல் வழக்கமாகக் காணப்படுவது வேறு. பிளேக் பயத்தில் வளர்த்த ஜீவனைத் தெருவில் விட வேண்டியதில்லை. வீட்டில் எலி சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்குவது யார்? பல வீடுகளில் வேலைக்கு வரும் அக்காதான். தெள்ளு முதலில் ஏறுவது அவர் காலில். அவர் கையைச் சொறிந்துகொண்டு போவதைப் பார்த்தும் நாம் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் கேட்கத் தயங்குகிறார். விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மருந்து அடிக்கும் நாளில் அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அபார்ட்மென்ட் என்றால் பக்கத்து ஃபிளாட்டுக்கும் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுப் பூனைக்கும் அதே வாரம் மருந்து போட்டால்தான் இருவருக்கும் விடிவு.

மருந்து போட்ட இரண்டு வாரத்தில் பூச்சி மறுபடி தென்படும். பயப்படாதீர்கள். அது பழைய கூட்டிலிருந்து வருவது. மருந்து தோற்றதன் அடையாளம் அல்ல. பாதியில் நிறுத்துகிற வீடுகள்தான் இங்கே தோற்கின்றன. மூன்று மாதம் தவறாமல் மருந்து, வாரந்தோறும் துவையல், கட்டிலடிச் சுத்தம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ அடுத்த டோஸ் என்றைக்கு? இந்தப் பக்கத்தை மூடுமுன் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்