தூக்கி வச்ச வண்டியும் சேத்துல மாட்டும்

ஹிஞ்சேவாடியில நம்மகூடப் பொட்டி தட்டுற திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் புதுசா தார் வாங்கியிருக்கார். சந்தோஷம். வண்டி வந்து பதினோரு நாள். வாகட் சிக்னலையே இன்னும் தாண்டலை. அதுக்குள்ள லிஃப்ட் கிட், 33 இஞ்ச் டயர், வின்ச், கூரை முழுக்க விளக்குன்னு மூணு லட்சத்துக்கு கொட்டேஷன் வாங்கிட்டு வந்து, "எப்படி அண்ணாச்சி?"ங்கறார். வேண்டாம்யான்னேன். கஞ்சன்னு பேர் வச்சுட்டாங்க. அதான் இங்க வந்து கத்துறேன்.

மக்களே, 2020-ல வந்த தாருக்கு அடியில 226 மில்லிமீட்டர் இடைவெளி. 650 மில்லிமீட்டர் தண்ணியில இறங்கும்னு கம்பெனியே சொல்லுது. இதுல பாதியையாவது பார்த்தாச்சா?

நானும் யோக்கியன் இல்லை. என் பழைய வண்டிக்கு மொத வேலையா மட் டயர் மாட்டினேன். அந்த மழைக்காலத்துலயே தங்கமணி, ரெண்டு பிள்ளைங்களோட முல்ஷி பக்கம் கரிசல் சேத்துல இறங்கி, அச்சு வரைக்கும் புதைஞ்சேன். அமுக்க அமுக்க சக்கரம் சுத்திச்சு, வண்டி இறங்கிச்சு. இருட்டிக்கிட்டு வருது, போன்ல சிக்னல் இல்லை, சின்னவ அழ ஆரம்பிச்சுட்டா. டிராக்டரோட வந்த ஒரு பெரியவர் பார்த்துட்டு மூணே வார்த்தை சொன்னார்: "ஹவா கமி கரா." காத்தைக் குறைங்க! 32 பிஎஸ்ஐ-யோட சேத்துல நின்னுருக்கேன். குச்சியால வால்வை அமுக்கி இறக்கிட்டு, லோ ரேஞ்ச் போட்டு மெதுவா பின்னால எடுத்தேன். டிராக்டருக்கு வேலையே இல்லை. (காத்தடிக்க கம்ப்ரசர் இல்லாம பௌட் வரைக்கும் ஊர்ந்து வந்தது தனிக்கதை.)

"மாத்திட்டா பாதுகாப்புதானே?"ன்னு கேக்கறவங்களுக்கு: வண்டியைத் தூக்கினா ஈர்ப்பு மையமும் மேல போகுது, பக்கவாட்டுச் சரிவுல கவிழ்றது சுலபம். பெரிய டயர்னா பிரேக் பிடிக்க நேரமாகும், ஸ்பீடோமீட்டர் குறைச்சுக் காட்டும். பின்சீட்ல உக்காந்திருக்கறது யாரு? சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சா என்கிட்ட வராதீங்க.

ஒரு பிரஷர் கேஜ், சின்ன கம்ப்ரசர், இழுக்கற பட்டை, ரெண்டு ஷேக்கிள் போதும். தெரிஞ்ச ஆளோட, இன்னொரு வண்டி துணையோட ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டுங்க. இறங்கி நடந்து பார்த்துட்டு ஓட்டுங்க. அப்புறம் வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. எங்க உரசியிருக்கோ அங்க தகடு போடுங்க. உரசவே இல்லைன்னா எதுக்குய்யா லிஃப்ட்?

நம்ம திருநெல்வேலிக்காரர் ஞாயித்துக்கிழமை என்கூட பௌட் தாண்டி ஒரு நண்பரோட வயலுக்கு வரேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். கொட்டேஷனை மட்டும் இன்னும் டாஷ்போர்டுலயே வச்சிருக்கார் :-)