கூண்டில் நிற்பவன் யார்?

நோயால் துடிப்பவனிடம் பொறுமையைப் போதிப்பது எளிதன்று. அதனாலன்றோ, 'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணுக்களை ஊசிவழிச் செலுத்தி விற்போர், "எலி வேறு, மனிதன் வேறு, எலியை ஆராய்ந்து முடிக்கும்வரை நோயாளி பிழைத்திருப்பானா?" என்று வினவுகின்றனர். வினா செவிக்கு இனிது. அதன் உள்ளீடோ வெறும் வாணிகம்.

மாத்திரை கரையும், கழியும். குருத்தணுவோ தங்கும், பெருகும், உருமாறும். 1998ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து பிரித்து வளர்த்த குருத்தணுக்களை, எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்குச் செலுத்தினர். எலும்பும் தசையும் கலந்த கட்டிகள் அங்கே உருவாயின. ஆக்கும் ஆற்றலே அழிக்கும் ஆற்றலுமாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முதுகுத்தண்டு காயமுற்றோர்க்குக் கருக்குருத்தணுவிலிருந்து ஆக்கிய அணுக்களைச் செலுத்த, அமெரிக்க ஜெரான் நிறுவனம் 2009 ஜனவரியில் அரசின் இசைவைப் பெற்றது. சோதனை விலங்குகள் சிலவற்றின் காயத்தில் நுண்ணிய நீர்க்கட்டிகள் தென்படவே, ஆகஸ்டில் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. அதுவரை ஒரு மனிதனுக்கும் ஊசி போடப்படவில்லை. விலங்குகளில் மீண்டும் ஆராய்ந்த பின்னரே, 2010 ஜூலையில் தடை நீங்கிற்று. அக்டோபரில் முதல் நோயாளி ஊசி பெற்றார். ஓராண்டுத் தாமதம் வீண் என்பாரும் உளர். அத்தாமதமன்றோ காவல்!

காவலற்ற இடத்தில் நிகழ்ந்ததையும் காண்க. மாஸ்கோவில் 2001 முதல் ஒரு சிறுவனின் மூளையில் கருச்சிசுக்களின் நரம்புக் குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. 2005இல் அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் காணப்பட்டன. அறுத்தெடுத்து ஆராய்ந்தபோது, கட்டியின் அணுக்கள் அவனுடையவை அல்ல, பிறருடையவை என்பது தெளிவாயிற்று. எலியிடம் காண வேண்டியதை ஒரு குழந்தையிடம் கண்டனர்.

எலி மனிதனன்று என்பது மெய்யே. அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். மனித அணுவை ஏற்கும்பொருட்டு அதன் எதிர்ப்பாற்றலும் குன்றச் செய்யப்படுகிறது. ஆதலின், எலிக்குத் தீங்கு செய்யாதது மனிதனுக்கும் செய்யாது என்பது பேதைமை. எலிக்கே தீங்கு செய்ததை, அல்லது எலியிடமே ஆராயாததை, மனிதனுக்குச் செலுத்துவதோ கொடுமை. முன்னதைக் காட்டிப் பின்னதற்கு நியாயம் தேடுவது எவ்வகை அறம்?

வாயற்ற உயிர்களை வதைத்துப் பெறும் அறிவு இது. தீய முடிவையும் மறையாது வெளியிடுவதே அவற்றுக்குச் செலுத்தும் குறைந்தபட்சக் கடன். சோதனையைத் தவிர்க்கும் வணிகன் விலங்கைக் காப்பவன் அல்லன். எலியை வெளியேற்றிவிட்டு அக்கூண்டில் நோயாளியை நிறுத்துபவன். அதற்குக் கட்டணமும் அந்நோயாளியிடமே வாங்குபவன்!